கையால யூசர் போடாதீங்க தம்பி!

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. எழுதுகிறவன் பி.காம். என்பதால் பயப்படாமல் படிக்கலாம். கம்ப்யூட்டர் திரையில் ஆங்கிலத்தில் வருகிற சமாச்சாரங்களையும் நம் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தேடும்போது மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

நவி மும்பை, புனே, ஹைதராபாத் என்று ஊரை விட்டு வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது 'கிளவுட்'டில் வேலை பார்க்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடும். என்னடா என்று கேட்டால், "புது சர்வர்ல யூசர் வரலம்மா" என்று பதில். யார் அந்த யூசர், அவன் எங்கேயிருந்து வரவேண்டும், ஏன் இந்த அகாலத்தில் வரவேண்டும் என்பதெல்லாம் அம்மாவுக்குப் புரியாது. ஒரு டம்ளர் பாலைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். இந்தப் பதிவு அந்த அம்மாவுக்கு. அதைவிட முக்கியமாக அந்தப் பிள்ளைக்கு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது சர்வரில் தானாக உருவாக வேண்டிய யூசர் உருவாகவில்லை என்றால், உள்ளே நுழைந்து கையால் உருவாக்கக் கூடாது. ஏன் உருவாகவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். உத்தரவுக் குறிப்பைத் திருத்த வேண்டும். அந்த சர்வரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். "ஒரே ஒரு கமாண்ட் சார், ரெண்டு நிமிஷம்" என்று சொல்கிற தம்பிகளோடு எனக்கு நாலைந்து வருஷமாக இதே தகராறுதான்.

பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிளையில் கவுன்டர், கடன், கேஷ் எல்லாம் பார்த்துவிட்டு, இப்போது பேலாப்பூரில் எங்கள் வங்கியின் ஐ.டி. பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கு எந்த சர்வரில் நுழைய அனுமதி என்கிற கோப்புகள் என் மேஜைக்கு வரும். எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. கையெழுத்துப் போடத் தெரியும். போட்ட கையெழுத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் நன்றாகத் தெரியும்.

முன்பெல்லாம் சர்வர் வாங்குவது கல்யாணம் மாதிரி. டெண்டர், ஒப்புதல், பர்சேஸ் ஆர்டர், லாரி, ஏசி அறையில் கிரகப்பிரவேசம். மாசக்கணக்கில் காத்திருந்து வருகிற ஒரு மெஷினில் நாலு பேருக்கு யூசர் போட ஒருத்தர் டீ குடித்துக்கொண்டே உட்கார்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தக் காலம் போச்சு. 2015-ல் மைக்ரோசாஃப்ட் புனே, சென்னை, மும்பையில் தன் கிளவுட் கடையைத் திறந்தது. 2016-ல் அமேசான் மும்பைக்கு வந்தது. இப்போது ஒரு சர்வர் இரண்டு நிமிஷத்தில் பிறக்கிறது, சாயங்காலம் செத்துப்போகிறது. காலையில் நாற்பது வேண்டும் என்றால் நாற்பது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து பெயர் எழுத ஆள் ஏது?

அதற்கு ஒரு குமாஸ்தா இருக்கிறார். பெயர் கிளவுட்-இனிட். உபுண்டு லினக்ஸைத் தயாரிக்கும் கனானிக்கல் நிறுவனத்தில் பிறந்தவர். இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளிலும் பெரிய கிளவுட் கடைகளிலும் இவர்தான். சர்வர் முதன்முதலாகக் கண் விழிக்கும்போது இவரும் விழிப்பார். அமேசான் மாதிரி இடங்களில் 169.254.169.254 என்ற முகவரியில் போய், "நான் யார், எனக்கு என்ன உத்தரவு?" என்று கேட்பார். அங்கே நாம் எழுதி வைத்திருக்கும் குறிப்பு இருக்கும். 'யூசர் டேட்டா' என்பார்கள். இன்ன பெயர், இன்ன குரூப், இன்ன அதிகாரம், இன்ன பூட்டு என்று அதில் ஒரு பட்டியல். புதுக் கிளை திறக்கிற அன்று தலைமை அலுவலகத்திலிருந்து யார் யார் ஸ்டாஃப் என்று ஒரு தாள் வருமே, அது போல. தாளைப் படித்து எல்லாருக்கும் நாற்காலி போட்டு வைப்பது இவர் வேலை.

பூட்டு என்று சொன்னது வாய் தவறி அல்ல. சாவி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் சர்வரில் வைப்பது சாவி இல்லை. ஒருவர் தன் லேப்டாப்பில் ஜோடியாக இரண்டு தயாரிக்கிறார். ஒன்று ரகசியம், அதுதான் சாவி, அது அவரைவிட்டுப் போகக் கூடாது. மற்றது பூட்டு. அதை ஊரறியக் கொடுக்கலாம். அவருடைய பூட்டை சர்வர் கதவில் மாட்டிவிட்டால் அவர் தன் சாவியால் திறந்துகொள்வார். எங்கள் கேஷ் அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள், இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். சர்வர் கதவு இதற்கு நேர் எதிர். பத்துப் பூட்டு தொங்கினாலும் ஏதாவது ஒன்றைத் திறந்தால் போதும், கதவு திறந்துவிடும்.

ஊரில் பூட்டிக் கிடக்கிற நம் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவி நம்மிடம். ஒன்று எதிர்வீட்டு அக்காவிடம். ஒன்று மச்சினனிடம். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போட வருகிறவரிடம் ஒன்று. அவர் வேலையை விட்டு மூன்று வருஷமாயிற்று, அந்தச் சாவி எங்கே? யாருக்கும் தெரியாது. திருட்டுப் போகிற வரைக்கும் யாரும் கேட்பதும் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒரு மார்ச் கடைசி வாரம். வருடக் கணக்கு முடிக்கும் நேரம் பேங்க்காரன் வீட்டில் யாரும் அவனிடம் பேச மாட்டார்கள், தங்கமணி உட்பட. அறிக்கை தயாரிக்கப் பன்னிரண்டு சர்வர் எடுத்தோம். நாலு பேருக்கு யூசர். சர்வர் எல்லாம் வந்துவிட்டது. நாலு பேரில் ஒருத்தரும் உள்ளே போக முடியவில்லை. வெளி நிறுவனத்தின் சார்பில் எங்களோடு உட்கார்ந்திருந்தவன் தென்காசிப் பக்கத்துப் பையன், கெட்டிக்காரன்.

"சார், உபுண்டுங்கற டீஃபால்ட் யூசர் வந்திருக்கு. அதுல உள்ள போயி நாலு பேரையும் நானே போட்டுடறேன். அரை மணி நேரம்."

"பன்னெண்டு சர்வர், நாலு பேரு. நாப்பத்தெட்டு தடவை போடணும் தம்பி. அதுல ஒண்ணு தப்பாப் போனா?"

"ஸ்க்ரிப்ட் எழுதிடலாம் சார்."

"இப்ப ஓடாமப் போனதும் ஸ்க்ரிப்ட் மாதிரிதானே? அது ஏன் ஓடலைன்னு பாருங்க முதல்ல."

பையனுக்குக் கோபம். ஆனால் பார்த்தான். முதலில் 'கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ்' என்று கேட்டான். 'டன்' என்று வந்தது. முடிந்தது என்று அர்த்தம். பையன் என்னைப் பார்த்த பார்வையில், "பாத்தீங்களா, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று எழுதியிருந்தது.

இந்த 'டன்' மேல் எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. குமாஸ்தா சொல்வது "என் வேலை முடிந்தது" என்பதைத்தான். "சரியாக முடிந்தது" என்று அவர் சொல்லவில்லை. அரசு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், "அது டிஸ்போஸ் ஆயிடுச்சே" என்பார்கள். நிராகரித்தாலும் டிஸ்போஸ்தான். அதே கேள்வியை 'லாங்' என்ற சொல்லையும் சேர்த்து, விரிவாகச் சொல் என்று கேட்க வேண்டும். அப்போது புதிய பதிப்புகளில் 'டன்' என்பதோடு 'டீகிரேடட்' என்றும் ஒரு வார்த்தை வரும். ஏதோ அரைகுறையாக விட்டிருக்கிறேன் என்ற ஒப்புதல் வாக்குமூலம் அது. அதன் கீழேயே எச்சரிக்கைகள் வரிசையாக நிற்கும். 2023 கடைசியில் வந்த பதிப்பிலிருந்துதான் இந்த நேர்மை. அதற்கு முன்னால் நாமே போய் லாக் ஃபைலைப் புரட்டியாக வேண்டும். லாக் ஃபைல் இரண்டு. 'வார்' என்ற ஃபோல்டருக்குள் 'லாக்' என்ற ஃபோல்டர். அதில் 'கிளவுட்-இனிட்' என்ற பெயரில் ஒன்று, அதே பெயரோடு 'அவுட்புட்' சேர்த்து இன்னொன்று. முதலாவது குமாஸ்தாவின் டைரி. இரண்டாவது, வேலை நடந்தபோது திரையில் வந்த சத்தம். யூசர் பிரச்சினைக்கு டைரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டைரியில் இருந்தது இது: குறிப்பின் 7-வது வரியில் ஒரு டேப், அந்த எழுத்தில் எதுவும் தொடங்கக் கூடாது, ஆகவே குறிப்பைப் படிக்க முடியவில்லை. அவ்வளவுதான்! இந்தக் குறிப்பு எழுதும் முறைக்கு யாமல் என்று பெயர். இதில் வரி எவ்வளவு உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறது என்பதற்கே அர்த்தம் உண்டு. ஸ்பேஸ் தட்டித்தான் உள்ளே தள்ள வேண்டும், டேப் விசையைத் தட்டக் கூடாது. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெற்றிடம். நாலாவது ஆளின் பெயரை வேறெங்கிருந்தோ காப்பி அடித்து ஒட்டியபோது டேப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு வரி தப்பு என்றால் அந்த ஒரு ஆள் மட்டும் வராமல் போகவில்லை. குறிப்பு முழுவதையும் குமாஸ்தா குப்பையில் போட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த டீஃபால்ட் யூசரை மட்டும் உருவாக்கிவிட்டு 'டன்' என்று போய்விட்டார்.

குறிப்பைத் திருத்தினோம். 'ஸ்கீமா' என்று ஒரு சோதனை இருக்கிறது, குறிப்பு இலக்கணப்படி இருக்கிறதா என்று சர்வர் எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். அதில் ஓட்டிப் பார்த்தோம். பன்னிரண்டையும் அழித்தோம். பன்னிரண்டு புதிதாக எடுத்தோம். இருபது நிமிஷம். பையன் சொன்ன அரை மணியைவிடக் குறைவு என்பதை நான் அன்று சுட்டிக்காட்டாமல் இருந்தது என் பெருந்தன்மை.

டேப் மட்டும்தான் எதிரி என்று இல்லை. குறிப்பின் முதல் வரியில் '#கிளவுட்-கான்ஃபிக்' என்று இருந்தே ஆகவேண்டும். # போட்டு ஆரம்பித்தால் அது சும்மா விளக்கக் குறிப்பு என்று படித்த புதுப் பிள்ளைகள், "இது எதுக்கு வேஸ்ட்டா" என்று அழித்துவிடுகிறார்கள். அதை அழித்தால் குமாஸ்தாவுக்கு அது தனக்கு வந்த உத்தரவு என்றே தெரியாது. கையெழுத்தில்லாத செக் மாதிரி. தொகை, தேதி, பெயர் எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இன்னொன்று, யூசர் பட்டியலில் நம் ஆட்களை மட்டும் எழுதிவிட்டு 'டீஃபால்ட்' என்ற சொல்லை விட்டுவிடுவது. நாம் பட்டியல் கொடுத்தால் அதுதான் முழுப் பட்டியல் என்று குமாஸ்தா எடுத்துக்கொள்வார். உபுண்டு என்ற யூசர் வரவே வராது. வேண்டாம் என்று தெரிந்து விட்டால் நல்லதுதான், எனக்கு அதுதான் பிடிக்கும். தெரியாமல் விட்டுவிட்டு, நம் பூட்டையும் பாதி காப்பி அடித்து ஒட்டியிருந்தால் கதவே இல்லாத வீடு கட்டின கதைதான்.

சில பிள்ளைகள் யூசருக்குப் பாஸ்வேர்ட் எழுதிவிட்டு அதுவும் வேலை செய்யவில்லை என்பார்கள். பாஸ்வேர்டைப் பூட்டி வைப்பதுதான் குமாஸ்தாவின் வழக்கம். நாம் வெளிப்படையாகத் திற என்று சொன்னால்தான் திறப்பார். திறக்கச் சொல்லாதீர்கள் என்பேன். அந்தக் குறிப்பில் பாஸ்வேர்ட் எழுதுவதே ஆபத்து. அந்த சர்வருக்குள் ஓடுகிற எந்தப் புரோகிராமும் அந்த 169 முகவரியில் போய்க் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்துவிடலாம். ரகசியத்தை அதில் வைக்காதே என்று அமேசானே தன் கையேட்டில் எழுதியிருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு ஒன்று உண்டு. குறிப்பில் யூசரைப் போடச் சொல்வதோடு, அவருடைய ஹோம் ஃபோல்டரில் ஒரு ஃபைலை எழுதி வைக்கவும் சொல்வார்கள். குமாஸ்தா வேலை செய்கிற வரிசையில் ஃபைல் எழுதுவது முன்னால், யூசர் போடுவது பின்னால். ஆள் வருவதற்கு முன்பே வீடு கட்டியாகிவிடும், ரூட் என்கிற பெரிய முதலாளி பெயரில். பிறகு ஆள் வந்து குடியேறுவார். உள்ளே படுக்கலாம், ஒரு ஆணி அடிக்க முடியாது. குடியிருப்பது இவர், பட்டா இன்னொருத்தர் பெயரில். நம் ஊர் தாலுகா ஆபீஸ் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஃபைல் எழுதுவதைக் கடைசிக்குத் தள்ளிப்போடு என்று சொல்ல 'டிஃபர்' என்ற ஒரு சொல் இருக்கிறது, அதைச் சேர்த்தால் தீர்ந்தது.

யூசர் சரியாக உருவாகியும் கதவு திறக்காத வழக்குகளும் உண்டு. பழைய புட்டி புரோகிராமை வைத்துக்கொண்டு பழைய ஆர்.எஸ்.ஏ. சாவியால் புது உபுண்டுவைத் திறக்கப் பார்ப்பார்கள். 2021-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 பதிப்பிலிருந்து பழைய வகைக் கையெழுத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதில் குமாஸ்தா நிரபராதி. சாவியைத் திருப்பும் ஆள்தான் பழசு. புட்டியைப் புதுப்பித்தால் போதும்.

இப்போது அசல் சங்கதி. குறிப்பைத் திருத்திவிட்டு அதே சர்வரை ரீபூட் செய்து பார்த்து, "அப்பவும் வரல சார்" என்று வருகிறவர்கள் அதிகம். வராது. யூசர் போடும் வேலையைக் குமாஸ்தா ஒரு சர்வருக்கு ஒரு முறைதான் செய்வார். அந்த சர்வரின் அடையாள எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, முடிந்தது என்று டிக் அடித்திருப்பார். அடுத்த முறை விழிக்கும்போது டிக் இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடுவார். அந்த டிக்கை அழிக்க 'கிளீன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. சோதனை சர்வரில் தாராளமாகப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. எல்லா வேலையையும் முதலிலிருந்து செய்வார், சர்வரின் சொந்த அடையாளச் சாவிகளையும் புதிதாக மாற்றிவிடுவார். அப்புறம் எல்லார் லேப்டாப்பிலும், "இது நீங்கள் பழகிய சர்வர் இல்லை, யாரோ நடுவில் இருக்கலாம்" என்று எச்சரிக்கை வரும். எல்லாரும் அதைப் படிக்காமல் தள்ளிவிட்டு உள்ளே போகப் பழகுவார்கள். நிஜமாகவே யாரோ நடுவில் உட்கார்ந்திருக்கிற அன்றும் அப்படியே போவார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், குமாஸ்தாவுக்குச் சேர்க்க மட்டும்தான் தெரியும். பட்டியலில் இல்லாத ஒருத்தர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தால் வெளியே அனுப்ப மாட்டார். கையால் போட்ட யூசர் அங்கேயே இருப்பார். அந்த சர்வரிலிருந்து அச்சு எடுத்து, அதாவது இமேஜ் எடுத்து, பத்து சர்வர் செய்தால் பத்திலும் இருப்பார். பூட்டோடு, அதிகாரத்தோடு. குறிப்பில் அவர் பெயர் இல்லை. கோப்பில் இல்லை. என் மேஜையிலும் இல்லை. ஒரு இடத்தில் இப்படி ஒரு ஆளின் பூட்டு, அவர் வேலையை விட்டு எட்டு மாதம் ஆன பிறகும் தொங்கிக்கொண்டிருந்ததை ஆடிட்டில் பிடித்தார்கள். ராத்திரி அவசரத்துக்கு யாரோ கையால் போட்டது. போனவர் நல்லவர், திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் மெமோ யாருக்கு வந்தது? அன்றைக்கு அவசரத்துக்கு உதவிய பையனுக்கும், கண்ணை மூடிக்கொண்டு சரி என்ற அதிகாரிக்கும்.

வங்கியில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் ரத்தத்தில் ஊறியது. கம்ப்யூட்டர் வந்த புதிதில், சாப்பிடப் போகும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போகிற நல்ல மனுஷர்கள் இருந்தார்கள். வரிசையில் நிற்கும் கஸ்டமர் காத்திருக்கக் கூடாதே என்று. அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஒரு ரூபாய் தொட்டதில்லை. அவர் ஐ.டி. தொட்டது. ரிட்டயர் ஆக வேண்டிய மாதம், மாலை வரவேண்டிய கழுத்துக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. பெண் கல்யாணத்துக்கு நம்பியிருந்த பணம் விசாரணை முடியும் வரை நின்றது. "நான் செய்யலை" என்று அவர் சொன்னதை எல்லாரும் நம்பினோம். ஆனால் கம்ப்யூட்டரில் எழுதியிருந்தது அவர் பெயர். 2018-ல் நாடே பேசிய அந்தப் பெரிய மோசடியில், சிபிஎஸ் கணக்கில் ஏறாமல் ஸ்விஃப்ட் வழியாகச் செய்திகள் போயின. அதற்கப்புறம் யார் பெயரில் யார் நுழைந்தார் என்ற கேள்வி எங்கள் துறையில் உயிர் போகிற கேள்வியாகிவிட்டது. ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் அமலான ஐ.டி. நிர்வாக விதிகளும் இதைத்தான் அழுத்துகின்றன: யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும்.

பெயரைப் பற்றிப் பேசும்போது ஒரு உப கதை. லினக்ஸில் பெயர் சும்மா ஒரு போர்டு. ஃபைல் யாருடையது என்பதை அது எண்ணில் வைத்துக்கொள்கிறது. யு.ஐ.டி. என்பார்கள். கணக்கு எண் மாதிரி. எண் நாம் சொல்லாவிட்டால், உபுண்டு மாதிரி லினக்ஸ்களில் 1000-லிருந்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகும். இந்த சர்வரில் 1001 முருகன், அடுத்த சர்வரில் வரிசை மாறியதால் 1001 மேரி. இரண்டு சர்வரும் ஒரே பொது டிஸ்கைப் பார்த்தால் முருகன் எழுதிய ஃபைல் மேரியின் சொத்தாகத் தெரியும். கடைசியாக வந்தவரை நீக்கிவிட்டு வேறொருவரைப் போட்டால் பெரும்பாலும் அதே எண் புதியவருக்குப் போகும், பழையவர் விட்டுப்போன ஃபைல்களோடு. மூடிய கணக்கின் எண்ணை இன்னொருத்தருக்குக் கொடுக்கிற வங்கியில் நீங்கள் பணம் போடுவீர்களா? குறிப்பிலேயே ஒவ்வொருவருக்கும் எண்ணை எழுதிவிடுங்கள். கையால் போடும் அவசரத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை.

தம்பிகள் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தர்மமில்லை. ராத்திரி ஏடிஎம் நின்றுபோயிருக்கிறது, ஆயிரம் பேர் நிற்கிறார்கள், அப்போதும் சர்வரை அழித்துக் கட்டிக்கொண்டிருப்பீர்களா என்று கேட்கிறார்கள். மாட்டேன். கிளையில் கேஷ் சாவி தொலைந்தால் டூப்ளிகேட் இன்னொரு கிளையில் இருக்கும். எடுக்கலாம், ஆனால் எடுத்தவர், நேரம், காரணம், திருப்பி வைத்த நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏறும். அதுபோல அவசர யூசர் ஒன்றை சீல் வைத்த கவரில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்தால் எழுதுங்கள். மறுநாள் காலை அந்த சர்வரை மாற்றிவிடுங்கள். பிரச்சினை என்னவென்றால், மறுநாள் காலை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. வேறு அவசரம் வந்துவிடும்.

டேட்டாபேஸ் இருக்கிற சர்வரைத் தூக்கிப் போட முடியாதே என்றும் கேட்கிறார்கள். சரிதான். அங்கே ஆட்கள் பட்டியலை சர்வருக்கு வெளியே ஒரு பொது டைரக்டரியில் வைத்து, நுழையும்போது அங்கே கேட்டுச் சரிபார்ப்பது நல்லது. அது இல்லாத இடத்தில் ஆன்சிபிள் போன்ற கருவி, அதிலும் எழுதி வைத்த பட்டியல்தான். எதுவானாலும் பட்டியல்தான் எஜமான், கை அல்ல.

அந்தப் பட்டியலை எங்கே வைப்பது? இங்கே எனக்குக் கொஞ்சம் கர்வம். கிட் என்கிற பெட்டகத்தில் வைத்து, ஒருவர் மாற்றம் எழுத, இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும்படி செய்கிறார்கள். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி ஒரு மீட்டிங்கில் விளக்கினார்கள். அடப்பாவிகளா, இது மேக்கர்-செக்கர்! வவுச்சர் எழுதுகிறவர் ஒருவர், பாஸ் செய்கிறவர் இன்னொருவர். கம்ப்யூட்டருக்கு முன்பிருந்தே கிளைகளில் இருக்கிறது. பி.காம். படித்தவன் உங்களுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் அன்று அந்த மீட்டிங்கில் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

தென்காசிப் பையன் இப்போது பெங்களூருவில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். அவன் கிளம்பிய அன்று சாயங்காலமே பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்து, ஒப்புதல் போட்டு, சர்வர்களைப் புதிதாக எடுத்துவிட்டோம். அவன் கையாலேயே அந்த வரியை நீக்கச் சொன்னேன். "என்ன சார், என்னையே என்னை அழிக்கச் சொல்றீங்க" என்றான். பிற்பாடு ஏதாவது நடந்தால் அந்தத் தேதிக்கு மேல் அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. தென்காசியில் இருக்கிற அவன் அப்பாவுக்கு இது தெரிய வேண்டிய அவசியமில்லை.

பி.கு.: வீட்டில் பிள்ளைகள் இதை முயன்று பார்க்க அப்பா, அம்மா கார்டில் ஒரு சர்வர் எடுப்பார்கள், எடுக்கட்டும். வேண்டுமென்றே ஒரு டேப் வைத்துக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், 'ஸ்டேட்டஸ்', 'ஸ்கீமா', டைரி என்ற வரிசையில் தேடிப் பார்க்கட்டும். விளையாடி முடித்ததும் சர்வரை 'ஸ்டாப்' செய்தால் மட்டும் போதாது. டிஸ்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். 'டெர்மினேட்' செய்துவிட்டு, டிஸ்க் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கார்டு பில் வந்த பிறகு என்னிடம் போன் போட்டுப் பிரயோஜனமில்லை. நான் அந்த சீட்டில் இல்லை.